ஓகம் கல்லில் சாக்பீஸ் வேண்டாம்: கோடைச் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவின் தலைவர், செயலாளர், பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு இந்த ஆண்டு நீங்கள் நடத்தும் சுற்றுலாவுக்கான அறிவிப்பில், இரண்டாம் நாள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே இப்படி ஒரு வரி இருக்கிறது: "ஓகம் கல்லில் எழுத்து எடுக்கும் போட்டி. குழந்தைகளுக்குப் பரிசு உண்டு. சாக்பீஸ், பிரஷ் குழுவே வழங்கும்." ஓகம் என்பது கல்லில் கீறல்களாக வெட்டிய அயர்லாந்தின் பழைய எழுத்து. அந்தக் கீறல்களின் மேல் சாக்பீஸால் கோடு இழுத்து எழுத்தைத் தெரியவைப்பதுதான் போட்டி. சென்ற ஆண்டு நடந்தது ஏதோ உற்சாகத்தில் நடந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது அதை நிகழ்ச்சிநிரலிலேயே சேர்த்துவிட்டீர்கள். செயலாளருக்குத் தனியாக எழுதிப் பார்த்தேன். "ஒரு மழை பெய்தால் சாக்பீஸ் போய்விடும், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்" என்று பதில் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு இங்கே டிராலி என்ற ஊரில் உங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கல் எந்த ஊரில், யார் நிலத்தில் நிற்கிறது என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாலு கார் அங்கே போய் நிற்கும். நடந்ததை மட்டும் சொல்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்தீர்கள். எழுத்து தெரியவில்லை என்று ஒருவர் பாத்திரம் துலக்கும் கம்பி நாரை எடுத்துவந்து பாசியைத் தேய்த்தார். இன்னொருவர் தேங்காய் எண்ணெயைத் தடவினால் கோடுகள் கறுத்துத் துலங்கும் என்று யோசனை சொல்ல, அதுவும் நடந்தது. பிறகு குங்குமம். பிறகு கல்லின் அடியில் கற்பூரம். நான் தடுத்தபோது தொண்டர் ஒருவர், "கல்தானே அக்கா" என்றார்.

கல்தான். ஆனால் அதில் எது எழுத்து, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தக் கம்பி நார் அங்கே போயிருக்காது.

நம் ஊர்க் கல்வெட்டில் கல்லின் முகத்தைச் சமமாகக் கொத்தி அதன்மேல் எழுத்தை வெட்டுவார்கள். ஓகம் அப்படி எழுதப்படுவதில்லை. கல்லின் இரண்டு பக்கங்கள் சந்திக்கும் விளிம்புதான் அதற்கு வரிக்கோடு. விளிம்பின் வலப்பக்கம் ஒன்றிலிருந்து ஐந்து வரை கீறல் போட்டால் ஐந்து மெய்கள், இடப்பக்கம் போட்டால் வேறு ஐந்து, விளிம்பைச் சாய்வாகக் கடந்து போட்டால் இன்னும் ஐந்து. உயிரெழுத்துகள் ஐந்தும் விளிம்பின் மேலேயே சிறு பள்ளங்களாக வெட்டப்படும்: ஒரு பள்ளம் அ, இரண்டு ஒ, மூன்று உ, நான்கு எ, ஐந்து இ. ஆக மொத்தம் 20 எழுத்து. கீழிருந்து மேலே படிக்க வேண்டும். சில கற்களில் வரி உச்சியைச் சுற்றிக்கொண்டு மறுபக்க விளிம்பில் இறங்கும்.

இந்த முறையில் எண்ணிக்கைதான் எழுத்து. வலப்பக்கம் நான்கு கீறல் என்றால் ஸ, ஐந்து என்றால் ந. ஒரு கீறல் மழுங்கினாலோ, கல்லில் இயல்பாக விழுந்த ஒரு விரிசலைக் கீறல் என்று எண்ணிவிட்டாலோ ஆள் பெயரே மாறிவிடும். சென்ற ஆண்டு பரிசு வாங்கிய சிறுமி ஐந்து கோடு இழுத்த இடத்தில், ஆய்வாளர்கள் பதிப்பித்த வாசிப்பு நான்கு என்கிறது. குழந்தையைக் குறை சொல்லவில்லை. ஒரு விரிசல் அவளுக்குக் கோடாகத் தெரிந்தது, பெரியவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்த வெள்ளைக் கோடுகளோடு எடுத்த படங்கள் உங்கள் முகநூல் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் கல்லைப் பார்க்கவில்லை, நம் சாக்பீஸைப் பார்க்கிறார். உங்களுக்குப் பின்னால் அங்கே வந்தவர்களும் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் படித்திருப்பார்கள்.

மழையில் போய்விடும் என்கிறீர்கள். மேலே இருக்கும் தூள் போகும். துளைகளுக்குள் புகுந்தது அவ்வளவு எளிதில் போகாது. அதைப் போக்க இன்னொருவர் பிரஷ் எடுப்பார், அந்தப் பிரஷ்ஷும் கல்லைத்தான் தின்னும். கல்லின் மேலே படர்ந்திருந்ததைப் பாசி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகள் உண்டு. அதன் இழைகள் கல்லின் மேல்தோலுக்குள் இறங்கியிருக்கும். அதைப் பிய்த்தால் கல்லின் மணல் துகள்களும் கூடவே வரும். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கறை நிற்கும். கற்பூரம் எரியும் இடத்தில் மட்டும் கல் சூடேறும். ஈரம் ஊறிய மணற்கல் அப்படி ஓரிடத்தில் சூடானால் செதில் பெயரும்.

முதலில் அழிவது உயிரெழுத்துப் பள்ளங்கள்தான். அவைதான் மிகச் சிறியவை, அவைதான் விளிம்பின் நுனியில் இருப்பவை, கம்பி நார் முதலில் படுவதும் அங்கேதான். இந்தப் பள்ளங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பஸ்ஸில் கொடுத்த கைப்பிரதியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐரிஷ் மொழிக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று இந்தக் கற்கள்தான். பெரும்பாலானவை 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அந்தக் காலத்து ஐரிஷில் சொற்களின் ஈற்றில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. பிறகு அந்த ஈற்று அசைகள் உதிர்ந்துபோயின. ஏடுகளில் நமக்குக் கிடைக்கும் பழைய ஐரிஷ் அவை உதிர்ந்த பிறகான மொழி. எனவே ஒரு கல்லில் பெயரின் கடைசியில் அந்தச் சிறு பள்ளங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதை வைத்துத்தான் அந்தக் கல் முந்தியதா பிந்தியதா என்று மொழியியலாளர்கள் கணிக்கிறார்கள். கடைசிப் பள்ளங்களை நாம் தேய்த்துவிட்டால் அந்தக் கல்லுக்கு வயது சொல்ல வழியில்லாமல் போகும். இப்படி மொத்தம் 400 கற்கள் அளவில்தான் உலகில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அயர்லாந்தில், அதிலும் மற்ற எந்த மாவட்டத்தையும்விடக் கெர்ரியில். மிச்சம் வேல்ஸ், கார்ன்வால், மேன் தீவு, ஸ்காட்லாந்து என்று சிதறிக் கிடக்கின்றன.

கைப்பிரதியில் இருந்தது வேறு. "ஓகம் என்பது தமிழ்ப் பிராமியின் கிளை. அயர்லாந்து மக்கள் இதை 'ஓம்' என்று உச்சரிப்பதே போதிய சான்று." அந்த ஒரு வரிதான் கற்பூரத்தை ஏற்ற வைத்தது. அதைப் படித்துவிட்டுக் கல்லைக் கும்பிட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றைய ஐரிஷில் அந்தச் சொல் 'ஓம்' போல ஒலிப்பது உண்மை. பழைய ஐரிஷில் நடுவே ககரம் ஒலித்தது, நாளடைவில் அது தேய்ந்துவிட்டது. அவ்வளவுதான். எழுத்தமைப்பை எடுத்துக்கொண்டால் பிராமியில் மெய்யெழுத்தோடு அகரம் ஒட்டியே வரும், மற்ற உயிர்களுக்கு அந்த எழுத்தின்மேல் குறி சேர்ப்பார்கள். தமிழ்ப் பிராமி இதைத் தமிழுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. ஓகத்தில் உயிருக்குத் தனி எழுத்து, மெய்க்குத் தனி எழுத்து, எல்லாமே கோட்டின் எண்ணிக்கை. உயிர் ஐந்தும் மெய்யிலிருந்து பிரிந்து நிற்கும் இந்த அமைப்பைப் பார்த்துத்தான் லத்தீன் எழுத்தை அறிந்த ஒருவர் இதை வகுத்திருக்க வேண்டும் என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். வேல்ஸில் செயின்ட் டாக்மேல்ஸ் என்ற ஊரில் ஒரே கல்லில் லத்தீனிலும் ஓகத்திலும் ஒரே செய்தி இருக்கிறது: குனோதாமுவின் மகன் சக்ரானு. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிந்ததால்தான் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க முடிந்தது.

நமக்குப் பெருமை வேண்டுமென்றால் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்கள் இருக்கின்றன. ஆகோள் பூசலில், அதாவது மாடுகளைக் கவரும் சண்டையில், இறந்தவனுக்கு நட்ட கல் அதில் ஒன்று. அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பஸ்ஸில் பேசியிருக்கலாம். இன்னாருடைய கல் என்று பெயர் வெட்டி நிறுத்தும் வழக்கம் இரண்டு நாட்டிலும் தனித்தனியே இருந்தது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது போதுமான வியப்பு. அயலார் கல்லுக்கு நம் பட்டா எழுதத் தேவையில்லை.

இன்னொன்று. கோயில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு அடித்துக் கல்வெட்டுகளை மழுக்கியதைக் கண்டித்து நம் குழுவின் வாட்ஸ்அப்பில் எத்தனை கட்டுரைகள் பகிர்ந்திருப்போம்! மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணப் படுக்கைகள்மேல் பெயிண்டில் காதலர் பெயர் எழுதுபவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறோம்! திட்டியதில் தவறில்லை. அதே அளவுகோலைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

இனி அந்த நிலத்துக்காரர். இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் போனபின் ஒரு வாரம் கழித்து அவரைக் கடையில் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர், குரலை உயர்த்தாதவர். மேய்ச்சல் நிலத்தின் கேட்டைத் திறந்தபடி விட்டுப் போனதால் ஆடுகள் சாலைக்கு வந்துவிட்டன என்றார். அதற்காக அவர் அதிகம் வருந்தவில்லை. அந்தக் கல்லைச் சுற்றி வட்டமாக ஒரு மண்கரை இருக்கிறது, நினைவிருக்கிறதா? அதற்குள் முழங்கால் உயரம்கூட இல்லாத கரடுமுரடான கற்கள் பல நட்டிருந்தன. அவற்றின்மேல் பாத்திரங்களை வைத்துத்தான் புளியோதரையும் தயிர்ச்சோறும் பரிமாறினோம். அது ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைத்த இடம். கத்தோலிக்கத் தேவாலயக் கல்லறையில் அந்தக் குழந்தைகளுக்கு இடம் மறுக்கப்பட்டதால், இப்படிப் பழைய வளாகங்களுக்குள் இரவோடு இரவாகக் கொண்டுவந்து புதைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் இது நடந்தது. கெர்ரியில் ஓகம் கற்கள் நிற்கும் பல வளாகங்கள் இத்தகைய குழந்தைப் புதைகாடுகள்தான். டிங்கிளுக்கு அருகே ஒன்பது ஓகம் கற்கள் இருக்கும் பாலின்டாகர்ட் அப்படிப்பட்டதுதான். நிலத்துக்காரரின் குடும்பத்துக் குழந்தை ஒன்றும் அங்கே இருக்கிறது. பெயர் வெட்டாத கல் என்பதால் எது என்று அவருக்கும் தெரியாது.

"உங்கள் ஆட்கள் விளக்கு ஏற்றியதைப் பார்த்தேன், பிரார்த்தனை என்று நினைத்து விட்டுவிட்டேன்" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இந்த ஊர்ப்பக்கம் பழைய மண்வளையங்களையும் நட்ட கற்களையும் கலைத்தால் வீட்டுக்குக் கெடுதல் என்ற நம்பிக்கை உண்டு. டிராக்டர் வந்த பிறகும் எத்தனையோ வளாகங்கள் உழுபடாமல் தப்பியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். அவர் வழியை அடைத்துவிட்டால் அது நம்மோடு நிற்காது. ஆய்வாளர்களுக்கும் அடைபடும், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அடைபடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்யப்பட்ட தொல்சின்னங்களுக்கு ஊறு செய்வது இந்த நாட்டில் குற்றம். 1930இலிருந்து அதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. 2023இல் புதிய சட்டம் நிறைவேறி, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. யாரையும் மிரட்ட இதை எழுதவில்லை, ஆனால் சாக்பீஸும் பிரஷ்ஷும் வழங்குவதாக அச்சிட்டு அறிவித்திருக்கும் குழு இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. இங்கே விசாவில் இருப்பவர்கள் பலர் நம்மில் உண்டு.

பிள்ளைகளுக்கு ஓகம் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்டுங்கள், நானே கூட வருகிறேன். கில்லார்னிக்குப் பக்கத்தில் டன்லோவில் எட்டுக் கற்கள் சாலையோரத்திலேயே நிற்கின்றன, யார் நிலத்தையும் மிதிக்க வேண்டாம். அவற்றில் ஏழு, அருகில் கூல்மாகார்ட்டில் ஒரு நிலவறைக்குக் கூரையாகக் கிடந்தவை, 1838இல் கண்டெடுக்கப்பட்டவை. எழுத்து வெட்டிய கல்லைப் பிற்காலத்தவர் உத்தரமாகப் போட்டுக்கொண்டார்கள் என்ற கதையே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நாம் ஏறும் டிராலியிலேயே ரதாஸ் தேவாலயத்துக்குள் ஒரு கல் இருக்கிறது, 1975இல் கிடைத்தது. வத்தில்லோக்கின் மகன் சில்லனின் பெயர் என்று அதில் இருக்கிறது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் கல் தாழ்வாரத்துக்குப் போகலாம். மழைக்கும் ஒதுங்கலாம், சுவரோரம் வரிசையாக 28 கற்கள் நிற்கின்றன. பார்வைக்கு வைத்திருக்கும் ஓகம் தொகுப்புகளில் நாட்டிலேயே பெரியது அதுதான்.

கல்லைத் தொடாமல் எழுத்தைப் பார்க்கவும் வழி இருக்கிறது. சாய்வான வெளிச்சம் போதும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போங்கள். மேகமாக இருந்தால் ஒரு பிள்ளை டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடிக்கட்டும், மற்றவர்கள் தள்ளி நின்று எண்ணட்டும். ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழும். விளக்கை நகர்த்தினால் விரிசலுக்கும் வெட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அதற்கே பரிசு வையுங்கள். வீட்டில் தொடர விரும்பினால், டப்ளின் மேல்நிலை ஆய்வு நிறுவனம் 2012இலிருந்து லேசர் கொண்டு அளந்து உருவாக்கிய முப்பரிமாண வடிவங்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. திரையில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், எத்தனை சாக்பீஸ் வேண்டுமானாலும் காகிதத்தில் செலவழிக்கலாம்.

என் கோரிக்கைகள் இவை. இரண்டாம் நாள் நிகழ்ச்சியிலிருந்து எழுத்து எடுக்கும் போட்டியை நீக்கி, நீக்கிய காரணத்தோடு திருத்திய அறிவிப்பை வெளியிடுங்கள். காரணத்தைச் சொல்லாமல் அமைதியாக எடுத்துவிட்டால், தாங்களே சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள். அந்தக் கல்லுக்குப் போகும் திட்டத்தையே கைவிட்டு, பதிலாக டன்லோவுக்கோ ரதாஸுக்கோ பஸ்ஸை விடுங்கள். 'ஓம்' கைப்பிரதியைத் திரும்பப் பெறுங்கள். சாக்பீஸ் கோடுகளோடு உள்ள படங்களை முகநூலிலிருந்து எடுங்கள். ஆனால் அழித்துவிடாதீர்கள், பாதிப்பைக் கணிக்க அவை தேவைப்படும். அவற்றோடு, என்ன தடவப்பட்டது, எங்கே தேய்க்கப்பட்டது என்று விவரமாக எழுதி, தொல்சின்னங்களைக் காக்கும் அரசு அமைப்பான தேசிய நினைவுச்சின்னங்கள் சேவைக்கு நீங்களே அனுப்புங்கள். எண்ணெயை எப்படி எடுப்பது, எடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். இப்போது நாமாகப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம்.

நிலத்துக்காரரிடம் தலைவரும் செயலாளரும் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் அழைத்துப் போகிறேன். பழக்கூடை, சால்வை எதுவும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம்.

பதிவுக்குக் கடைசி நாள் என்று நீங்கள் குறித்திருக்கும் தேதிக்குள் திருத்திய அறிவிப்பு வர வேண்டும். வராவிட்டால் என்னிடம் இருக்கும் படங்களோடு நான் நேரடியாக அந்தச் சேவைக்கு எழுதுவேன், அதன் நகல் உங்களுக்கும் வரும்.

இப்படிக்கு,
கெர்ரியில் வசிக்கும் உங்கள் குழு உறுப்பினர் ஒருத்தி